சிவப்புக் காட்டாத சொஃப்ட்வேர்

ஒரு பொருளைத் தெரிவு செய்யும்போது அது எவ்வளவு நல்லது என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது என்னை எவ்வளவு குறைவாக வெட்கப்படுத்தும் என்று பார்ப்பவன் நான். கதைக்காத சலூன்காரரிடம்தான் முடி வெட்டுவேன். ஒன்பதாம் இலக்கக் காலுக்கு எட்டாம் இலக்கச் சப்பாத்தை வாங்கி ஒரு வருடம் நொண்டியிருக்கிறேன். கடையில் நின்ற பிள்ளை "சரிதானே?" என்று கேட்டது, நானும் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். (பிள்ளையில் பிழையில்லை. கால் என்னுடையது.) என் கால் மட்டும் நொந்த வரைக்கும் இந்தக் குணத்தால் யாருக்கும் நட்டமில்லை. பிறகு இதே குணத்தை வைத்துக்கொண்டு ஒரு சொஃப்ட்வேரைத் தெரிவு செய்தேன்.

நான் வயரிங் வேலை செய்பவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கொட்டாஞ்சேனையில் விசிறி திருத்தும் கடையொன்றில் தொழில் பழகி, வெள்ளவத்தைக்கு வந்து முப்பது வருடமாக வீடுகளுக்கு வயர் இழுக்கிறேன். கொழும்பில் கைவேலைக்காரன் யாராயிருந்தாலும் பெயர் 'பாஸ்'. என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு வீட்டின் வயரிங்கைச் சோதித்தால், அது பாதுகாப்பானது என்று சேர்டிபிகேட் கொடுக்க வேண்டும். அளவுகளை நான் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவேன். என் மனைவி வசந்தி அவற்றை ஆங்கிலப் படிவத்தில் முத்து முத்தாக நிரப்புவாள். நான் கீழே கையெழுத்து வைப்பேன். (அதற்கே ஐந்து நிமிடம் எடுப்பேன்.) இப்படித்தான் எங்கள் தொழில் போய்க்கொண்டிருந்தது.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பதினாறு வீடுகள் உள்ள மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் சந்திரசேகரம் ஐயா, கந்தோரில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினாறு வீட்டையும் சோதிக்கும் வேலையை எனக்குத் தந்தார்.

"பாஸ், இனிக் கையால எழுதின கடுதாசி சரிவராது. இன்சுரன்ஸ்காரர் கொம்பியூட்டர்ல அடிச்சது கேக்கினம். இதுக்கெண்டே சொஃப்ட்வேர் இருக்காம். நல்லதொண்டாப் பாத்து எடுங்கோ."

"ஓம் ஐயா" என்றேன். (எட்டாம் இலக்கச் சப்பாத்து.)

வசந்தி ஒரு டெப்லெட்டில் மூன்று சொஃப்ட்வேர்களை இறக்கித் தந்தாள். மூன்றையும் ஒரு மாதம் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டை வைத்தே சோதனையைத் தொடங்கினேன்.

முதலாவது சொஃப்ட்வேருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். ஐந்தாம் வகுப்பில் என்னை வாங்கில் ஏற்றி நிறுத்திய வாத்தியாரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும். கடைசியில் எங்கள் குசினியின் ஏர்த் வயர் சரியில்லை என்று சேர்டிபிகேட் தர மறுத்துவிட்டது. முப்பது வருட அனுபவமுள்ள பாஸின் சொந்த வீட்டுக்கு.

"இதுக்கு மரியாதை தெரியேல்ல" என்றேன்.

"உங்களுக்கு மரியாதை தர அதென்ன மருமகனே?" என்றாள் வசந்தி. "அது சரியாத்தானே சொல்லுது. குசினி ஏர்த்தைப் பாருங்கோ எண்டு மூண்டு வருஷமா நானும் சொல்லுறன்."

இரண்டாவதற்கு எந்நேரமும் இன்டர்நெட் வேண்டும். படியேறும் இடத்தில் சிக்னல் போனதும் அரைமணி நேர உழைப்பை விழுங்கிவிட்டுப் புதுப் பக்கத்தைக் காட்டியது. அதை அன்றைக்கே அழித்தேன்.

மூன்றாவது தங்கமான பிறவி. ஒரு கேள்வியும் கேட்காது. இலக்கத்தைப் போட்டால் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வரும். போடாவிட்டாலும் வரும்.

வசந்தி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, இந்தக் கட்டத்துக்கு நீங்கள் ஒண்டும் போடேல்லயே. தானா நிரப்புது. எங்கையிருந்து எடுக்குது?"

"உள்ளுக்கு இருந்து."

"எதின்ர உள்ளுக்கு?"

"நல்ல சாமான் கன கதைக்காது, வசந்தி."

"அப்ப நீங்களே செய்யுங்கோ" என்று எழும்பிப் போனாள். இத்தனை வருடம் தன் கையால் எழுதியதை ஒரு கண்ணாடிப் பலகை பிடுங்கிக்கொண்டதில் அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். அது கோபமல்ல, சந்தேகம் என்று பிறகுதான் விளங்கியது.

செயலாளர் ஐயா, ஏன் இதைத் தெரிவு செய்தேன் என்று கேட்டபோது, "மூண்டையும் ஆராய்ஞ்சு பாத்தனான்" என்றேன். என் வாழ்நாளில் 'ஆராய்ந்து' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகப் பாவித்தேன்.

பதினாறு வீட்டையும் சோதித்தேன். மூன்றாம் மாடியில், 3B வீட்டில், ரிஸ்வானா டீச்சரும் கணவரும் இருந்தார்கள். அங்கே ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யவில்லை. மின்சாரம் ஒருவர் உடம்பில் ஏறினால் அந்தக் கணமே வீட்டின் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய சுவிட்ச் அது. மூன்று தரம் சோதித்தேன். அசையவில்லை. பிழை என்று கொப்பியில் பெரிய புள்ளடி போட்டேன்.

டீச்சர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவரைக் குழப்பிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. புதுச் சுவிட்ச் வாங்கிக்கொண்டு வந்து சொல்லலாம் என்று சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அளவுகளை டெப்லெட்டில் போட்டேன். 3B சுவிட்சுக்கு அளவு இல்லாததால் கட்டத்தை வெறுமையாக விட்டேன். சேர்டிபிகேட் அச்சடித்து வந்தபோது அந்த இடத்தில் '28' என்று, ஒழுங்காக விழுகிற சுவிட்சின் அளவு இருந்தது. பக்கத்தில் பச்சை.

இந்த இடத்தில்தான், படித்த எவரும் விட முடியாத ஒரு பிழையை நான் விட்டேன். என் கொப்பியையும் அந்தக் கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம், வியர்வை பட்டு ஊறிய என் புள்ளடி. மறுபக்கம், பளபளப்பான தாளில், ஆங்கிலத்தில், முத்திரை மாதிரி ஒரு படத்தோடு அச்சடித்த இலக்கம். அச்சில் வந்தது பிழையாக இருக்கும் என்று நினைத்துப் பழக்கமில்லாதவன் நான். சோதிக்கும் கருவியை நான்தான் மாறிப் பிடித்திருப்பேன் என்று முடிவு செய்தேன். கையெழுத்து வைத்தேன். வழக்கம்போல ஐந்து நிமிடம்.

மூன்று கிழமை கழித்து, ரிஸ்வானா டீச்சர் ஈரக் கையோடு வோஷிங் மெஷினைத் தொட்டார். அதன் உடம்பில் மின்சாரம் கசிந்திருந்தது. கை ஒட்டிக்கொண்டது. கணவர் ஓடி வந்து மெயின் சுவிட்சை இறக்கும்வரை எந்தச் சுவிட்சும் விழவில்லை. பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் தப்பியது. வலது கையின் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். எழுதுகிற கை.

அடுத்த நாள் கட்டடத்தின் கீழ்க் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செயலாளர் ஐயா என் சேர்டிபிகேட்டை உயர்த்திப் பிடித்தார்.

"பாஸ் சோதிச்சுத் தந்தது இருக்கு. எல்லாம் பச்சை. வயரிங்கில ஒரு குறையும் இல்லை. இது மெஷின்ர பிழை. பழைய மெஷினெல்லோ வாங்கினவை."

டீச்சரின் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் வாங்கின" என்றார். "அவ வேணாண்டுதான் சொன்ன."

நான் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினேன். யாரோ என் தோளில் தட்டி, "நல்ல காலம், பாஸின்ர கடுதாசி இருந்தது" என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

பிறகு தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்வரை போய்த் திரும்பினேன். அந்தத் தோடம்பழத்தை வீட்டில் வெட்டி வைத்தார்கள். நான் தொடவில்லை.

வசந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள். பதினாறு சேர்டிபிகேட்டையும் மேசையில் பரப்பினாள். கொஞ்ச நேரம் அவளுடைய விரல் மட்டும் அங்குமிங்கும் போனது.

"3Aக்கு இருபத்தெட்டு. 3Bக்கும் இருபத்தெட்டு" என்றாள். "முந்தின வீட்டுக் கணக்கை எடுத்து அடுத்த வீட்டுக்குப் போட்டிருக்குதப்பா. நீங்கள் வெறுமையா விட்ட இடமெல்லாம்."

அப்படி நான்கு கட்டங்கள் இருந்தன. மற்ற மூன்றும் பூட்டியிருந்த அறைகள். பிறகு வந்து பார்க்கலாம் என்று நான் விட்டவை.

"மற்ற மூண்டு வீட்டிலயும் ஆக்கள் இருக்கினம்" என்றாள்.

செயலாளர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பாஸ், இப்ப ஏன் இதைக் கிளறுறீங்கள்? மூண்டு வீட்டையும் மெல்லமாத் திருத்திவிடுங்கோ. 3Bயில நடந்தது நடந்து போச்சு. ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லேல்லயே."

"டீச்சரின்ர மனுசனைச் சொல்லுகினம், ஐயா" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதருக்கு நான் எதிர்த்துச் சொன்ன முதல் வசனம் அது. சொன்ன பிறகு வெளியே போக, தள்ள வேண்டிய கதவை ஒரு நிமிடம் இழுத்துக்கொண்டு நின்றேன்.

எந்த வீட்டை நம்புவது, எதை விடுவது என்று எனக்கே தெரியாததால் பதினாறு வீட்டுக்கும் போவதென்று முடிவெடுத்தேன். வசந்தி எனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். "நான் பிழை விட்டிட்டன். ஒருக்காப் பாக்கலாமோ?"

முதல் வீட்டில் கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், நான் நன்கொடைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து "பிறகு வாங்கோ" என்று சாத்திவிட்டார். இரண்டாம் வீட்டில் வசனத்தின் பின்பாதி முதலில் வந்தது. "ஒருக்காப் பாக்கலாமோ?" என்று ஒரு இளம் பெண்பிள்ளையிடம் கேட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது, தகப்பன் வந்தார். சிங்களக் குடும்பம் ஒன்றின் வாசலில் "மம வெரத்தக் களா" என்று தடங்கலில்லாமல் சொன்னேன். பிற மொழியில் குற்றத்தை ஒப்புக்கொள்வது அவ்வளவு கடினமில்லை. அந்த அம்மா, "அனே பாஸுன்னெஹே" என்று இரங்கிக் கதிரையை இழுத்துப் போட்டார். உட்காரத்தான் முடியவில்லை.

3B வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். ரிஸ்வானா டீச்சர் இடது கையால் கதவைத் திறந்தார். வலது கையில் கட்டு. நான் வசனத்தைச் சொன்னேன். பிறகு கொப்பியையும் புள்ளடியையும் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் குழப்பாமல் போனதையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்டைக்கே ஒரு வார்த்தை சொல்லீந்தா நான் மெஷினத் தொட்டீப்பேனா அண்ணன்?" என்றார்.

கணவர் உள்ளேயிருந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்ப மெஷின் மட்டுமில்ல" என்று மனைவியிடம் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

புதுச் சுவிட்ச் பூட்டினேன். சோதித்தேன். விழுந்தது.

அந்தக் கட்டடத்தின் வேலை எனக்கு அதோடு போய்விட்டது. அது நியாயம்தான். 3B மட்டும் என்னை விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து சுவிட்சைச் சோதித்துவிட்டுப் போக வேண்டும் என்று டீச்சரின் கணவர் சொன்னார். "பிழ விட்ட ஆள்தான் இனி ஒழுங்காப் பாக்கும்." இப்போது நான் பாவிப்பது முதலாவது சொஃப்ட்வேரை. அது திட்டத் திட்ட, வசந்தி மொழிபெயர்த்துச் சொல்கிறாள். சில இடங்களில் அது சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த வசனம் நிலைத்துவிட்டது. சோறு குழைந்தால், சட்டை சுருங்கினால், மகள் பிந்தி வந்தால், யாராவது ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, "நான் பிழை விட்டிட்டன், ஒருக்காப் பாக்கலாமோ?" என்பார்கள். வத்தளையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் இது பாடம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

3Bயில் மணி அடித்தால் டீச்சர் இடது கையால் கதவைத் திறப்பார். நான் வாயைத் திறக்க முன்னரே, "என்ன அண்ணன், இன்டைக்கும் பிழ விட்டா?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே குரலில், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அது பகிடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்பதற்கு வெட்கம்.