மாமனாரின் கணுக்கால்

மருந்துக்கடை கவுன்ட்டரில் ஆறு மாதம் நின்றவர்களின் கண்ணுக்கு, ஊரில் ஆரோக்கியமான மனிதர் ஒருவர்கூடத் தென்பட மாட்டார். பி.பார்ம் முடித்து, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்த புதிதில் எனக்கு இந்த வியாதி முற்றியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டால் போதும், கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். (ஒருவர் என்னைப் பிக்பாக்கெட் என்றே முடிவு செய்து பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.)

தப்பு என்னுடையது மட்டும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் பலர் இதய மாத்திரையையும் தலைவலி மாத்திரையையும் ஒரே கணக்கில் வைத்திருந்தார்கள். "பிரஷர் நார்மல் ஆயிடுச்சும்மா, அதான் விட்டுட்டேன்" என்பார்கள். "மாத்திரை போட்டதாலதாங்க நார்மல் ஆச்சு" என்று நாளெல்லாம் தொண்டை வறளச் சொல்லிச் சொல்லி, பாதி டாக்டர் ஆகிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போய் நின்றேன்.

மாப்பிள்ளை சரவணன் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவருடைய அப்பாவுக்குத் துறையூரில் உரக்கடை. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் துறையூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். சரவணனைப் போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. நேரில் இன்னும் கொஞ்சம் பிடித்தது. இந்த இடம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்கம்மா" என்றார் என் அப்பா. விழுந்தேன். அங்கேதான் வந்தது வினை.

வருங்கால மாமனாரின் கால் என் மூக்குக்கு நேரே இருந்தது. செருப்பு வார் அழுந்திய இடம் பள்ளமாகத் தெரிந்தது. கணுக்கால் எலும்பையே காணோம். என் கை என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு எடுத்தேன். சப்பாத்தி மாவில் விரல் வைத்தது போல, குழி அப்படியே நின்றது.

மேலே "நல்லா இரு..." என்று ஆரம்பித்த ஆசீர்வாதம் பாதியில் நின்றுவிட்டது. நான் எழுந்து, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டேன்: "சார், தண்ணி மாத்திரை போடறீங்களா?"

("மாமா" என்று கூப்பிடும்படி அம்மா காலையிலிருந்து பயிற்சி கொடுத்திருந்தார்.)

தண்ணி மாத்திரை என்பது, பலவீனமான இதயத்தால் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. அவர் திருதிருவென விழித்தார். அவர் மனைவிதான் பதில் சொன்னார். "ஹார்ட்டுக்கான மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறாரும்மா. நான்தான் தினம் எடுத்துத் தரேன். ஏன் கேக்கற?"

நான் நிறுத்தியிருக்கலாம். "நைட்ல எத்தனை தலகாணி வச்சுப் படுக்கறீங்க?" என்றேன்.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் தலையணைகளை அடுக்கிக்கொள்வார்கள். அதைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி. ஆனால் பெண் பார்க்கும் இடத்தில், பெண் மாமனாரிடம் கேட்கும் கேள்வி இல்லை. என் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மூணு" என்றார் அவர், சின்னக் குரலில். "கொஞ்ச நாளாத்தான்."

பதற்றத்தில் அவர் கை பக்கோடாத் தட்டை நோக்கிப் போனது. "உப்பு வேணாம் சார்!" என்று தட்டைப் பிடுங்கினேன். ஒரு பக்கோடா எகிறிச் சரவணன் மடியில் விழுந்தது. அப்போது தான் சிரித்ததாக அவர் இன்றுவரை சத்தியம் செய்கிறார். என் நினைவில் முறைத்தார்.

"மகேசு, உள்ள போ" என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

போயிருப்பேன். ஆனால் அந்த "கொஞ்ச நாளாத்தான்" என்ற ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. கல்யாணம் போனால் போகட்டும் என்று வீரமாக நின்றேன் என எழுத ஆசைதான். உண்மையில் ஓவென்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "எத்தனை நாளா நிறுத்தியிருக்கீங்க?" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஒரு வாரமா. போன தடவை லால்குடியில பொண்ணு பாக்கப் போனப்ப, அந்த மாத்திரையால மூணு தடவை பாத்ரூம் போக வேண்டியதாப் போச்சு. 'பொண்ணு பாக்க வந்தீங்களா, பாத்ரூம் பாக்க வந்தீங்களா'ன்னு இவ கேட்டா. பஸ்ஸுல வேற அவஸ்தை. அதான்..."

"அதுக்கு நிறுத்திடுவீங்களா? தினம் கையில குடுத்தேனே, எங்க போச்சு?"

"சட்டைப் பையில."

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் வழக்கமாகப் பார்க்கும் இதய டாக்டர் பக்கத்திலேயே, திருச்சி தில்லைநகரில்தான் இருந்தார். "வீட்டுக்குப் போயி மாத்திரை போட்டுக்கலாம்னு இருக்காதீங்க, இப்பவே அங்க போயிடுங்க" என்று நான் கெஞ்ச, அப்பா ஆட்டோ பிடித்துவர, மூவரும் கிளம்பிப் போனார்கள்.

"பொண்ணு பார்க்க வந்தவங்க பூ வச்சுட்டுப் போவாங்க. நீ அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டியேடி" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எனக்கோ அந்த மூன்று தலையணைகளைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

சாயங்காலம் சரவணன் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "நுரையீரல்ல நீர் சேர ஆரம்பிச்சிருக்குங்க. ஊசி போட்டிருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்கன்னு டாக்டர் சொன்னார். இப்ப பரவாயில்லங்க." சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் அழுததில்லை.

"அப்பா பேசணுங்கறார்" என்றார் சரவணன்.

"ஏம்மா, நானும் கடை வச்சிருக்கேன். வர்றவன் காலை அமுக்கிப் பாத்து உரம் குடுத்ததில்ல." மூச்சு வாங்காமல் முழு வாக்கியமும் வந்தது. "சரி, பஸ்ஸுல போற அன்னைக்கு அந்த மாத்திரைய என்னதான் பண்றது?"

"நிறுத்தாம நேரத்த மாத்திக்கலாம் மாமா. ஊரு போய்ச் சேர்ந்தப்புறம் போட்டுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்றேன்." மாமா என்பது தானாக வந்துவிட்டது.

"கேட்டு வை. ஆனா இனிமே பொண்ணு பாக்க பஸ் ஏற வேண்டியிருக்காதுன்னு நினைக்கறேன்" என்றார். அம்மா போட்டுவைத்த காப்பியை அப்பா ஒரே மடக்கில் குடித்தார்.

அதன்பின் துறையூர்ச் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட என்னைச் சும்மா காலில் விழ விட்டதில்லை. நான் குனிந்தாலே, "கும்பிடறாளா, செக் பண்றாளா?" என்று கூடமே சிரிக்கும். பெரியவர்கள் சிலர் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டே ஆசீர்வதிக்கிறார்கள். சித்தப்பா ஒருவர் பூட்ஸைக் கழற்ற மறுத்து ஓடியே போய்விட்டார்.

மாமனார் மட்டும் சிரிக்க மாட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் காலை நீட்டிக் காத்திருப்பார். நான் அமுக்கி, விரலை எடுத்து, குழி விழவில்லை என்று நிமிர்ந்து பார்த்தபிறகுதான் "நல்லா இரும்மா" என்பார். அதுவரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார், நானும்தான்.