ஒரே தெருவில் நான்கு லாரி

கணினி உலகம் பல ஆண்டுகளாகத் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெருங்கேள்விக்கு அருப்புக்கோட்டை விடை கண்டுவிட்டது. ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் எம்.டி. எங்கே நிற்கிறாரோ அங்கே இருக்கிறது என்பது விடை. இந்த எளிய உண்மை அமெரிக்காக்காரனுக்குப் பிடிபடாமல் போனதற்கு, இப்படி ஓர் எம்.டி. அவனுக்கு வாய்க்காததே காரணம்.

நிறுவனத்தின் பெயர் உக்கிரம் டெக்னாலஜிஸ். எம்.டி. பெயர் உக்கிரபாண்டி. மல்லாங்கிணற்றுப் பக்கம் கரிசல்காடு நிறைய உள்ள குடும்பம். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததால் காட்டை விட்டுவிட்டு மென்பொருளில் இறங்கினார். உரக்கடை மாடியில் அலுவலகம். நான் அங்கே தர உறுதி மேலாளர். எம்.டி. சொல்வது சரி என்று உறுதி செய்வது என் பணி.

சென்ற கோடையில் தண்ணீர் லாரி உரிமையாளர்கள் சங்கம் ஒன்று எங்களிடம் ஒரு செயலி கேட்டது. எந்த லாரி எந்த ஊரில் எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று டிரைவரின் போனுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஆள் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். எம்.டி. பெரிதாகச் சிந்தித்தார். மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, வீரசோழன் என ஊருக்கு ஒரு புராஜெக்ட். நான்குக்கும் மேலே ஒரு தாய் புராஜெக்ட். ஊருக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் அந்த ஊர்த் தெருப் பெயர்கள் அடங்கிய கோப்பு. நான்கு கோப்புகளுக்கும் 'தெரு' என்றே பெயர். சமத்துவம்.

இதையெல்லாம் கோத்துச் செயலியாக்கி எடுப்பதை 'பில்டு' என்பார்கள். அந்த வேலைக்கு ஒத்தாசையாக வெளியிலிருந்து செருகும் நிரல்துண்டு 'பிளக்-இன்'. எங்கள் பிளக்-இன் துறைத் தலைவர் தங்கபாண்டி. எம்.டி.யின் மனைவிக்கு இவர் தம்பி என்பது தற்செயல். 'பிளக்-இன் வேண்டும்' என்று முதலில் பேச்சு எழுந்தபோது, எலக்ட்ரீஷியனை வரவழைத்து மேசைக்கு மேசை சுவிட்சு போர்டு அடித்தவர் அவரே. விஷயம் விளங்கிய பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இணையத்தில் கண்டதையெல்லாம் இறக்கினார். காரியாபட்டிக்குப் பழைய பிளக்-இன், திருச்சுழிக்குப் புதியது, வீரசோழனுக்கு இரண்டும்.

கடைசியில் தானே ஒன்று எழுதி நான்கு புராஜெக்டுகளிலும் செருகினார். 'தெரு' கோப்பை எடுத்து வா என்பது அதற்குக் கட்டளை. எந்த ஃபோல்டரிலிருந்து என்று சொல்லவில்லை. எந்த ஃபோல்டரில் நின்று பில்டைத் தொடங்குகிறோமோ, அங்கே கிடக்கும் 'தெரு'வை எடுத்து நான்கு ஊருக்கும் பரிமாறிவிடும்.

இதில் குறை கண்டவர் மரியசெல்வி. வீரசோழன் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் என்ஜினியர். எங்கள் அலுவலகத்தில் நிரல் எழுதத் தெரிந்தவர் என்ற விபரீதத் தகுதி அவருக்கு உண்டு.

"சார், கோப்பைத் தேடிப் போற பாதை அந்தந்த புராஜெக்ட் ஃபோல்டர்ல இருந்து ஆரம்பிக்கணும். நாம எங்க நின்னு பில்டு பண்ணாலும் வீரசோழனுக்கு வீரசோழன் தெருதான் வரணும்" என்றார்.

எம்.டி. கனிவாகச் சிரித்தார். "நான் எங்க நிக்கேனோ அங்கருந்துதானம்மா எல்லாம் ஆரம்பிக்கணும். எங்க வீட்ல அப்படித்தான் வழக்கம்."

"கம்ப்யூட்டருக்கு உங்க வீட்டு வழக்கம் தெரியாது சார்."

"பழகிக்கிரும்."

நான் உறுதி செய்தேன்.

தொடக்க விழா அன்று எம்.டி. பட்டு வேட்டியில் வந்தார். சொந்த ஊர்ப் பற்று உந்தித்தள்ள, மல்லாங்கிணறு ஃபோல்டரைத் திறந்து, அங்கே நின்று பில்டு கொடுத்தார். திரையில் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. கணினி ஒன்று வெற்றி என்று சொன்ன பிறகு சந்தேகப்படுவது நாகரிகமில்லை. சேவும் அல்வாவும் வழங்கப்பட்டன. மரியசெல்வி மட்டும் வாங்கவில்லை.

சற்று நேரத்தில் லாரி டிரைவர் சோலைச்சாமி போன் செய்தார். எம்.டி. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நான் வீரசோழன் லோடு. போனு என்னைய மல்லாங்கிணத்துல நிக்கச் சொல்லுது."

"போன் சொன்னா கேக்கணும்."

"இங்க ஏற்கெனவே மூணு லாரி நிக்கி சார். எல்லாம் ஒரே தெரு. இருக்கிற குடமெல்லாம் ரொம்பிருச்சு. சனம் வேணாங்குது."

"தண்ணியை வேணாங்கிற ஊர் நம்ம சீமையில உண்டா? அந்த நிலைமையைக் கொண்டுவந்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப 'ஒப்படைத்தாயிற்று'ன்னு அமுக்குங்க."

சோலைச்சாமி அமுக்கினார். நான்கு லாரி, நூறு சதவீத வெற்றி. மல்லாங்கிணற்றுத் தெருவொன்றில் அன்றைக்கு எருமைகள் இரண்டு முறை குளித்ததாக அறிகிறேன். மற்ற மூன்று ஊர்களில் காலிக் குடங்கள் வெயிலில் வரிசையாக நின்றன. வரிசை ஒழுங்காக இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் அவசரக் கூட்டம் கூட்டினோம். மரியசெல்வி எழுந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"எங்க அக்கா அஷ்லின் பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்துருக்கா சார். பச்சப்பிள்ளையத் துடைக்கக்கூடத் தண்ணியில்ல. எங்கப்பா சைக்கிள்ல பக்கத்து ஊருக்குப் போயி ரெண்டு குடம் கொண்டுவாராக. வீரசோழன் லாரிதான் எங்க ஊருக்கும் வரணும். எங்க வீடு மட்டுமில்ல, தெருவே இப்படித்தான் கிடக்கு. அந்த ஒரு வரிய மாத்த விடுங்க."

"சொந்த விசயத்தை மீட்டிங்ல பேசக்கூடாதும்மா" என்றார் எம்.டி. "தங்கபாண்டி, நீ சொல்லு."

தங்கபாண்டி தயாராக வந்திருந்தார். "எம்.டி. மச்சான், கோப்பு எங்கருக்குன்னு தெரியாமத்தான் இந்தக் குழப்பம். இனிமே வீட்டு நம்பர்லருந்து முழு விலாசத்தையும் எழுதிருவோம்." எழுதியும் காட்டினார். எம்.டி.யின் மடிக்கணினியில் டி டிரைவ், அதற்குள் 'மச்சான்', அதற்குள் 'புதுசு', அதற்குள் 'கடைசி', அதற்குள் 'நெசமாவே கடைசி'.

"அந்த ஃபோல்டர் சார் லேப்டாப்புல மட்டும்தான இருக்கு? வேற கம்ப்யூட்டர்ல பில்டு ஆகாதே" என்றார் மரியசெல்வி.

"அதுதாம்மா பாதுகாப்பு."

திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. எம்.டி. களைப்பு நீங்க, குடும்பத்தோடும் மடிக்கணினியோடும் கொடைக்கானல் போனார். அலுவலகத்தில் பில்டு கொடுத்தால் 'பாதை இல்லை' என்று சிவப்பில் வந்தது. எம்.டி.க்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. லாரிகள் பழைய செயலியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மல்லாங்கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் மரியசெல்வி அலுவலகத்துக் கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். நிறுவனச் சொத்தை வெளியே கொண்டுபோவது விதிமீறல் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பிள்ளைக்கு மேலெல்லாம் வேக்குரு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினார். அந்த நேரம் பார்த்து எனக்கு விதி எண் மறந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தங்கபாண்டியின் முழு விலாசத்தை அழித்தார். அந்தந்த புராஜெக்ட் தன் ஃபோல்டருக்குள்ளேயே 'தெரு'வைத் தேடும்படி பிளக்-இன்னை மாற்றினார். எந்த பிளக்-இன், எந்தப் பதிப்பு என்பதைத் தாய் புராஜெக்டில் ஒரே இடத்தில் எழுதி, மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டார். தங்கபாண்டி பின்னால் நின்று, "எம் பிளக்-இன்னையெல்லாம் கொல்லுறீகளே" என்று தழுதழுத்தார். மதியத்துக்குள் புதிய செயலி டிரைவர்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

சோலைச்சாமி கூப்பிட்டார். "வீரசோழனுக்கு வந்துட்டேம்மா. அடுத்து உங்க ஊருக்குத்தான் வாரேன். பொம்பளைக ரோட்டுக்கே ஓடி வாராக."

மரியசெல்வி மேசையில் தலை கவிழ்த்து, தோள் குலுங்க அழுதார்.

கொடைக்கானலிலிருந்து திரும்பிய எம்.டி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மரியசெல்வியை வேலையிலிருந்து நிறுத்தினார். காரணம் இரண்டு. அனுமதியில்லாமல் சரிசெய்தது ஒன்று; சரியாகச் செய்தது இன்னொன்று. இரண்டாவதை எம்.டி. சொல்லவில்லை, நானாக யூகித்தது. பிளக்-இன்னின் தலைப்பில் ஆசிரியர் பெயர் தங்கபாண்டி என்றே இருக்கிறது.

சங்கம் எம்.டி.க்குத் திருமண மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தது. ஊருக்கு ஊர் தண்ணீர் போனதற்காக மாலை, சால்வை எல்லாம். 'பயனாளி' ஒருவரைப் பேசவைக்க வேண்டுமென்று வீரசோழன் பக்கமிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். பெயர் ஞானையா. மரியசெல்வியின் அப்பா என்பது மேடையேறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"தண்ணி வந்துச்சு" என்றார் அவர். "பேரப்பிள்ள குளிச்சான். அதைக் கொண்டாந்தது எம் மக. மாலைய இவுகளுக்குப் போட்டிருக்கீக. அவளை எதுக்கு வேலைய விட்டு நிப்பாட்டுனாக? அதை மட்டும் இவுக வாயால சொல்லச் சொல்லுங்க."

தொழில்நுட்பக் காரணங்களால் மைக்கை நிறுத்தினேன். மைக் இல்லாமலும் அவர் கேட்டுக்கொண்டே நின்றார். இரண்டு பேர் தோளைப் பிடித்து மரியாதையாகக் கீழே இறக்கினார்கள்.

மைக் உயிர்பெற்றதும் எம்.டி. அடுத்த சாதனையை அறிவித்தார். சுற்றுவட்டாரத் தனியார் ஆம்புலன்ஸ்கள் அனைத்துக்கும் வழிசொல்லும் செயலி. ஊருக்கு ஒரு புராஜெக்ட். மரியசெல்வியின் நாற்காலி காலியாக இருப்பதால் முழுப் பொறுப்பும் தங்கபாண்டிக்கு. பலத்த கைதட்டல்.

தர உறுதி மேலாளர் என்ற முறையில் எனக்கு ஒரு கடமை உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பொதுமக்கள் மறு அறிவிப்பு வரும்வரை நெஞ்சுவலி, பிரசவம், பாம்புக்கடி ஆகியவற்றைத் தள்ளிவைத்து நிறுவனத்துடன் ஒத்துழைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.