பிடிக்கவில்லை என்று சொன்னது கரித்தூளை

தமிழில் ‘பிடிக்கும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் இயற்பியல் பேசக் கூடாது. பேசினால் என்ன ஆகும் என்பதற்கு என்னைப் பெண் பார்க்க வந்த கதையே சாட்சி.

லேசர் ஒளியால் தூசியைப் பிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. ஒளிக்கற்றையை உளுந்த வடை மாதிரி ஆக்கிவிட வேண்டும்: சுற்றிலும் வெளிச்சம், நடுவில் இருட்டு ஓட்டை. அதற்குள் சிக்கும் கரித்தூள் ஓரத்துக்கு வந்தால் ஒளிபட்டுச் சூடாகும். அதை ஒட்டிய காற்றும் சூடாகி, தூளை நடுவுக்கே தள்ளிவிடும். கை படாமல் அந்தரத்தில் நிற்கும். (நின்றால்தானே! எனக்குப் பல வாரங்களாக நிற்கவில்லை.)

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை செல்வம், புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை யூனிட் வைத்திருந்தார். ஆறடி உயரம், அதற்குத் தோதான அகலம், நல்ல சிவப்பு. முன்பு போனில் பேசியபோது, “அந்தத் தூசியைப் பிடிச்சு என்ன செய்வீங்க?” என்று கேட்டு, நான் சொன்னதை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற வரன்களெல்லாம் சமைக்கத் தெரியுமா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டினால் இவரைத்தான் என்று வெட்கத்தை விட்டு அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளறையில் புடவை மடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஆய்வகத் தோழி ஸ்டெல்லாவிடமிருந்து போன். சிக்னல் சரியில்லை, அதனால் கத்தினேன். நடுவில் வெறும் திரைச்சீலைதான். மின்விசிறி இரைச்சலில் கேட்காது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

“ஏட்டி, இன்னும் பிடிக்கலையா? எப்படிப் பிடிக்கும்? அது ரொம்பப் பெருசு! அம்புட்டுக் கனத்தை யாரு தாங்குவா? விட்டுத் தொலை, வேற ஒண்ணைப் பாப்போம். சின்னதா, கரேர்னு இருந்தாத்தான் பிடிக்கும்!”

காபித் தட்டோடு, சிரித்த முகமாக நான் வெளியே வந்தேன். மாப்பிள்ளை வடையைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். அவருடைய அம்மா எழுந்து நின்றிருந்தார்.

“ஏம்மா, பிடிக்கலைன்னா முந்தியே சொல்லியிருக்கலாம்லா? எம் மவனைப் பெருசுங்குத, வேற ஒண்ணைப் பாப்போம்ங்குத!”

அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “ஐயோ அத்தே, நான் சொன்னது கரித்தூளை!” என்றேன். (அதற்குள் அத்தை முறை வேறு.) தட்டை வைத்துவிட்டு, மாப்பிள்ளை கையிலிருந்த வடையைப் பிடுங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பாடம் நடத்தினேன். யாருக்கும் புரியவில்லை. அவர் அம்மா என் அம்மாவிடம், “பிள்ளை ரொம்பப் படிச்சிட்டாளோ?” என்று மெதுவாகக் கேட்டார். எல்லாம் போயிற்று என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்வம் மட்டும் வடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ பெருசா இருந்தா நிக்காதோ?”

“நிக்காது. விழுந்துரும்.”

குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “சைடுல ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுத் தச்சா சரியா வருமா?”

முதலில் சிரித்தது அவர் அம்மாதான்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கரித்தூளும் அசையாமல் நின்றது. ஆய்வகத்திலிருந்தே வீட்டுக்குப் போன் செய்து, “பிடிச்சிருச்சு அத்தே!” என்று கத்தினேன்.

“யாரை? எம் மவனையா, தூசியையா?” என்றார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் நான் எதைப் பிடித்திருக்கிறது என்றாலும், அது புடவையானாலும் புளிக்குழம்பானாலும், இதே கேள்விதான் வரும். செல்வமோ கேள்வி வருவதற்கு முன்பே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.