மாப்பிள்ளைக்கு ஒரு பிரேக்

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: ஹால்வார் நெஸ்டால், முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட அவருடைய அக்கா ரன்வைக், மகன் ஐரிக், மகள் சில்யே, ஈஸ்டருக்கு அவளைக் கைப்பிடித்த டென்மார்க்காரன் யெஸ்பர். நாயையும் சேர்த்துக்கொள்ளலாம், ஹால்வார் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டது அது ஒன்றுதான்.

பேச்சு, ஜூலை மாதப் பனிச்சறுக்குப் பயணம் பற்றி. ஊரெல்லாம் வெயில் காயும்போதும் உருகாத மலைப்பனியில், ஒவ்வொரு கோடையிலும் நெஸ்டால் குடும்பம் ஒரே வரிசையாகச் சறுக்கி இறங்கும். முதலில் ஹால்வார். அவரை யாரும் முந்தியதில்லை. கீழே விடுதி முற்றத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும், பழைய போட்டிக்காரர்களான ஹவ்கன் குடும்பத்தார் அதைப் பார்த்து வயிறெரிவார்கள். எழுபதைத் தாண்டியும் ஹால்வாரின் முதுகு வளையாததற்கு அந்த வயிற்றெரிச்சல்தான் மருந்து.

புது மாப்பிள்ளைக்கோ சறுக்கிக் கிளம்பத் தெரியும், நிற்கத் தெரியாது.

"நேரா என்னைத் தாண்டிப் போய் ஹவ்கன்காரன் காபிலதான் விழுவான்!" ஹால்வார் மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"நிக்கறதுக்குத்தான் விடுதிச் சுவர் இருக்கே மாமா," என்றான் யெஸ்பர்.

"நாற்காலி உசரம் இருந்தாலே மலைங்கற ஊர்ல பொறந்தவன் பேசறான் பாரு!"

"அப்பா, அவர் என் புருஷன்."

"தெரியும். அதனாலதான் இன்னும் வீட்டுக்குள்ள இருக்கான்."

ஐரிக் சமாதானம் செய்தான். "பயிற்சிக்குச் சொல்லி வச்சிட்டேம்பா. ஒரு வாரத்துல நிக்கக் கத்துக்குவார்."

"யாரு கத்துக்குடுக்கறது?"

ஐரிக் வாஃபிளை வாய்க்குள் திணித்துக்கொண்டான். "ஹவ்கன் வீட்டுப் பொண்ணு."

ஹால்வார் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. போனை எடுத்தார். "எங்க மாப்பிள்ளைக்கு உங்க பாடம் ஒண்ணும் வேண்டாம்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். மாப்பிள்ளைக்கு நிற்கத் தெரியாது என்பது ஹவ்கன் வீட்டில் அதுவரை அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மறுமுனையில் போனை எடுத்தவர் அவளுடைய தாத்தா.

"சரி. மாப்பிள்ளை கீழ நின்னு படம் எடுக்கட்டும்," என்றார் ஹால்வார்.

"அப்போ நானும் கீழதான்," என்றாள் சில்யே.

"அவங்களுக்குத் துணைக்கு நான்," என்றான் ஐரிக்.

"என் முட்டியும் அதையேதான் சொல்லுது," என்றாள் ரன்வைக்.

"ஒத்தை ஆள் இறங்கினா அது வரிசையா?" ஹால்வாரின் காது மடல் சிவந்தது.

ரன்வைக் ரொட்டிக்குப் பழுப்புப் பாலாடைக்கட்டி சீவியபடி சொன்னாள்: "அடேய், எதுக்குக் கத்தறே? மாப்பிள்ளையோட சறுக்குப் பலகைக்கு அடியில கொஞ்சம் பிசின் மெழுகு பூசு. நத்தையா ஊருவார்."

மேடேறுகிறவன் வழுக்காமலிருக்கப் பூசுவது பிசின் மெழுகு. இறங்குகிறவன் பூசினால் வேகம் செத்துவிடும்.

"நெஸ்டால் வீட்டுப் பலகையில பிசினா? எங்கப்பா காலத்துலேர்ந்து ஒருத்தரும் பூசினதில்ல! நான் உசுரோட இருக்கற வரைக்கும் பூசவும் விடமாட்டேன்!"

ஐரிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். சில்யே வாஃபிள் கல்லைப் பார்க்க எழுந்து போனாள். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

பயணத்துக்கு முந்தின வாரம் வரை ஹால்வாருக்கு வேறு வழி புலப்படவில்லை. ஊர்க் கண்ணில் படாமல் சறுக்குச் சாமான் கடைக்குள் நுழைந்தார்.

"பிசின் மெழுகு ஒரு டப்பா," என்றார், தாழ்ந்த குரலில். "எனக்கில்ல."

கடைக்காரி ஊன்னி டப்பாவை எடுத்து வைத்தாள். "தெரியும். அதான் ஊரே பேசுதே."

"என்ன பேசுது?"

"டென்மார்க்கு மாப்பிள்ளை பின்தங்கிடக் கூடாதுன்னு நெஸ்டால் குடும்பமே பிசின் பூசிக்கிட்டு மெதுவா இறங்குதாம். ஹவ்கன் பெரியவர்தான் சொன்னார்."

ஹால்வார் கல்லாமேல் ஓங்கி அறைந்ததில் அங்கிருந்த கையுறைகள் கீழே உதிர்ந்தன. "பொய்! பச்சைப் பொய்! அவன்கிட்ட அப்படியே போய்ச் சொல்லு!"

"நானும் பொய்னுதாங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றாள் ஊன்னி, கையுறைகளைப் பொறுக்கியபடி. "மாப்பிள்ளை வந்ததே இந்த ஈஸ்டருக்கு, உங்க வீட்டு ஆளுங்க நாலு கோடையா பிசின் வாங்கறாங்க, முட்டி மாத்தின உங்கக்கா உட்பட, உங்களை முந்திடாம இருக்க."