பில் போடாத பூசணிக்காய்

அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தால் தலை தெரிந்தது. அண்டாவுக்குள் வைக்கலாமென்றால் அண்டா அடுப்பில் இருந்தது. கையில் பூசணிக்காயோடு ஸ்டோர் ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தாள் பிரகதாம்பாள்.

திருமயம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் விடுதிச் சமையலுக்கு அவள்தான் பொறுப்பு. கான்ட்ராக்டரின் லாரியில் வதங்கி வந்த காய்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், சுற்றுவட்டார விவசாயிகளிடமே வாங்கலாம் என்று நடையாய் நடந்து தாளாளர் அடைக்கப்பனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பில் இல்லாமல் ஒரு கறிவேப்பிலைகூட உள்ளே வரக்கூடாது. வந்தால் மறுநாளே பழைய கான்ட்ராக்டர்.

அவளை நம்பி, விவசாயிகள் குழுத் தலைவர் நாகராசுவின் ஊரே கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தது.

காய் அருமையாகத்தான் வந்தது. கூடவே கொசுறும் வந்தது. கால் கிலோ வாங்குகிறவளுக்கே ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்துப் பழகிய கை, மூட்டை மூட்டையாக வாங்குகிறவளுக்கு எதைக் கொடுக்கும்? பூசணிக்காய் கொடுத்தது.

வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரே ஒரு காய் கொடுத்ததில் மேடத்துக்கு மனக்குறை போலிருக்கிறது என்று நாகராசு எடுத்துக்கொண்டார். மறுநாள் வண்டியில் பாதி பூசணி.

சரி, இதற்கும் விலை போட்டு பில் கொடுங்கள் என்றாள். நாகராசுவின் முகம் சுருங்கிவிட்டது.

"கொசுறுக்குக் காசு வாங்குனேன்னு தெரிஞ்சா ஊருக்குள்ள எவன் மதிப்பான்? நம்ம புள்ளைக சாப்புடுறது மேடம். இதுக்குப் போயி பில்லுங்கிறீங்களே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிக் கறாராகப் பேசுவது?

தலைவரின் பூசணியை மேடம் மறுத்துவிட்டார்களாமே என்று ஊரில் பேச்சாகிவிட்டது. மேடத்தைச் சமாதானப்படுத்த வீட்டுக்கு வீடு பூசணி கிளம்பியது. அழகம்மாள் என்ற அம்மாள் பஸ் பிடித்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள்.

பிரகதாம்பாள் சாம்பாரில் போட்டாள், கூட்டு வைத்தாள், அல்வாகூடக் கிண்டினாள். சாப்பாட்டு மணி அடித்ததும் மாணவர்கள் கூட்டமாகப் பரோட்டாக் கடைக்குக் கிளம்பினார்கள்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஆசிரியர்களைத் தனித்தனியே கூப்பிட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். யாரும் மறுக்கவில்லை. இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. பூசணிக்கு இத்தனை பிரியர்களா என்று அவளுக்கே ஆச்சரியம்.

இது நாகராசுவின் காதுக்குப் போனது. வாத்தியார்களுக்கும் பிடித்துவிட்டதா என்று மனம் குளிர்ந்து, கொசுறுக்கென்றே தனியாக ஒரு குட்டியானை வண்டியை அனுப்பிவைத்தார்.

அதை இறக்கிக்கொண்டிருக்கும்போதுதான் சமையல்கட்டின் பின்பக்கம் தாளாளரின் கார் வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினாள். தார்ப்பாயை இழுத்து மூடினாள். அது பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. இனி மறைத்துப் பயனில்லை. தன் வேலை போனாலும் போகட்டும், நாகராசுவின் ஊர் நம்பிப் போட்ட கத்தரி வீணாகக்கூடாது என்று காரிடம் ஓடினாள்.

"ஐயா, தப்பு என்னோடது. விவசாயிங்க மேல கோவப்படாதீங்க. அவங்க பாசத்துல குடுத்ததுங்க. வாங்குறதை மட்டும் நிறுத்திராதீங்க."

கறுப்புக் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே தாளாளர் இல்லை. டிரைவர் இருளாண்டி மட்டும் இருந்தார். அவர் இறங்கி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டிக்கியைத் திறந்தார். உள்ளே முழுக்கப் பூசணிக்காய்.

"வாத்தியாருங்க ஆளாளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வந்து ஐயாகிட்டக் குடுத்துட்டுப் போறாங்க மேடம், வீட்டுல கால் வைக்க எடமில்ல, ஆஸ்டல்லயே சேத்துரச் சொன்னாரு, பில்லு மட்டும் கேக்க வேணாமாம்."