மழைக்காரன் பார்த்த சூரிய கிரகணம்

அந்த வருஷம் நான் ஒரு சபதம் எடுத்தேன். முழு சூரிய கிரகணத்தை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தே தீருவது!

ஜப்பானில் ககோஷிமாவுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குட்டித் தீவுக்கு நேர் மேலேதான் கிரகணம் வருகிறது. வாசலில் நின்று அண்ணாந்தால் போதும். இதற்குப் போய்ச் சபதமா என்று கேட்பீர்கள். என்ன செய்ய, நான் மழைக்காரன்.

எங்கள் பக்கம் ஊருக்கு ஒருத்தன் இப்படி இருப்பான். அவன் ஆசையாகக் கிளம்பினால் மழையும் கூடவே கிளம்பும். நான் பெண் பார்க்கப் போனேன், அடைமழை. கல்யாணம், புயல். அலுவலகத்தில் செர்ரிப் பூ பார்க்கப் பாய் விரித்தோம், மேலதிகாரியோடு பாய் மிதந்தது.

தெருச் சங்கக் கூட்டத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து கிரகணம் பார்ப்பதென்று முடிவாயிற்று. நாற்காலி போடும் வேலைக்கு நான் கை தூக்கினேன். தலைவர் சமேஷிமா இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினார்.

“அரிமுரா-சான், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு உங்களுக்கு வெளியூர்ல ஏதாவது ஜோலி இருக்குமே?”

“ரிட்டயர் ஆனவனுக்கு என்னங்க ஜோலி?”

“இல்ல... இருந்தா நல்லா இருக்கும்னு எல்லாரும் அபிப்பிராயப்படறாங்க.”

வெட்கத்தில் என் காது இரண்டும் சுட்டது. அத்தனை பேரும் என்னை ஒரு தரம் பார்த்தார்கள், ஜன்னல் வழியே வானத்தை ஒரு தரம் பார்த்தார்கள். கையை எப்போது கீழே இறக்கினேன் என்றே நினைவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஹருயோவிடம் குமுறினேன்.

“பாத்தியா அநியாயத்தை? என்னை ஊரை விட்டே போகச் சொல்றாங்க!”

“சொல்லத்தான் செய்வாங்க. இந்த ஜென்மத்துல இன்னொரு தரம் வருமா கிரகணம்?”

“கட்டின பொண்டாட்டி பேசற பேச்சா இது?”

“கட்டின அன்னைக்கே தொப்பலா நனைஞ்சவ பேசற பேச்சு. பேசாம ஜன்னலைச் சாத்திக்கிட்டு டிவியில பாருங்க. வாசப்பக்கம் தலை காட்டினீங்க, நடக்கறதே வேற.”

தலைக்கு மேலே நடக்கும் கிரகணத்தை டிவியில் பார்ப்பதா? பொருமிக்கொண்டே மறுநாள் துறைமுகப் பக்கம் போனேன். கணவாய் மீன் பிடிக்கும் இவாமோட்டோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தான்.

“அண்ணே, பக்கத்துத் தீவுல உங்க கதை யாருக்கும் தெரியாது. கிரகணத்தன்னைக்கு அங்க படகு விடறேன். கமுக்கமா வர்றீங்களா?”

“எங்க வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்டா.”

“மூச்சு விட மாட்டேண்ணே.”

இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவளை முதல்முறையாக ஏமாற்றப் போகிறேன் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நேரே அவளிடம் போனேன்.

“மீன் பிடிக்கப் போறேன். எனக்கு இந்தக் கிரகணமே வேண்டாம். வெறுத்துப் போச்சு.”

“ஐயோ பாவம்,” என்றாள்.

கிரகணத்தன்று காலையில் இரண்டு ஆள் சாப்பிடுகிற அளவுக்குச் சோற்று உருண்டை கட்டிக் கொடுத்தாள். மேலே மழைக்கோட்டை மடித்து வைத்தாள். நான் தூண்டிலை மறந்துவிட்டுக் கிளம்பினேன். அவளும் கேட்கவில்லை. பிழைத்தேன் என்று ஓடினேன்.

படகில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் சாப்பாட்டு மூட்டை, அதன்மேல் மழைக்கோட்டு. யாரும் வாய் திறக்கவில்லை. வானவியல் படித்தவர்கள் போலிருக்கிறது என்று நானும் கௌரவமாக உட்கார்ந்தேன்.

பக்கத்துத் தீவில் இறங்கினால், துடைத்து வைத்த மாதிரி நீல வானம்! நானாவது மழைக்காரனாவது! குன்றின்மேல் ஏறி, கிரகணக் கண்ணாடியை மாட்டினேன். சூரியனின் ஓரத்தை யாரோ கடித்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம், முழுசாக மறைந்துவிடும்.

கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது.

அப்புறம் சோவென்று கொட்டியது பாருங்கள், கீழே படகுக் கொட்டகைக்கு ஓடுவதற்குள் சட்டைப் பையில் தண்ணீர் ரொம்பிவிட்டது. அந்தக் கொட்டகையில் ஆறு பேரும் ஈரக் கோழிகளாக நிற்கும்போதுதான் முழு கிரகணம் வந்தது. கும்மிருட்டு. என் கை எனக்கே தெரியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் பேசினார். அடுத்த ஊர்த் தபால்காரராம், பெயர் ஹிடாகா.

“மீன் பிடிக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேங்க.”

“நானும்,” என்றது இன்னொரு குரல்.

“நானுந்தான்.”

“உங்களையும் ஊர்ல மழைக்காரன்னு...?” என்று இழுத்தேன்.

பதிலுக்கு ஆறு பெருமூச்சு வந்தது. வெளிச்சம் திரும்பியதும் பன்னிரண்டு கண்ணும் இவாமோட்டோவைப் பார்த்தன. அவன் கடலைப் பார்த்தான்.

“என்னண்ணே பண்றது? வீட்டுக்கு ஒரு பாட்டில் சாராயம் குடுத்தாங்க.”

“யாருடா குடுத்தது?”

“எல்லாம் அண்ணிமாருங்கதான்.”

மானம் கப்பலேறிப் போச்சு என்பார்கள். என் மானம் கணவாய்ப் படகில் ஏறி, துணைக்கு இன்னும் ஐந்து மானங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டோம்.

என் செல்போன் அடித்தது. ஹருயோ. பின்னால் மைதானமே ஆரவாரித்தது.

“என்னங்க! பாத்துட்டோங்க! பொட்டு மேகம் இல்ல! சமேஷிமா-சான் உங்க திசையைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறாரு!”

“துரோகி! எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. இப்பவே படகேறி வர்றேன். வந்து வச்சுக்கறேன் உன்னை!”

“ஐயையோ, அவசரப்பட்டு வந்துடாதீங்க,” என்று பதறினாள். “மெத்தையெல்லாம் வெயில்ல காயப் போட்டிருக்கேன்!”