மேல்மாடியில் யாரும் இல்லை

"மேல யாரோ பேசுறாங்களே?" என்றார் வரி இன்ஸ்பெக்டர் உதயசூரியன், மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி.

"ரேடியோ சார்," என்றார் சின்னப்பன்.

"ஆளில்லாத மாடியில ரேடியோ யாருக்கு?"

சின்னப்பனுக்கு, படகுத்துறையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வீட்டுக்குள்ளிருந்து ஏதாவது ஒரு குரல் கேட்டால் பூட்டைத் திறக்கக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. இதை ஒரு அரசாங்க அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

"எலிக்கு சார். சத்தம் கேட்டா வராதுல்லா."

உதயசூரியன் கோப்பைத் திறந்து எழுதினார். சின்னப்பன் எட்டிப் பார்த்தார். 'எலிக்கு' என்றே எழுதியிருந்தது.

தீவுக்குத் தீவு ஓடும் கப்பல்களில் எஞ்சின் அறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, அந்தக் காசில் ஜங்லிகாட் என்ற பகுதியில் கட்டிய வீடு அது. கீழே அவரும் மனைவி கிளாராவும். மேலே, மகள் சோபியா கல்யாணத்துக்குப் பிறகு வந்தால் தங்க. சோபியா பெங்களூரில் இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறை, பதினோரு நாள் வந்து தங்கினாள். கிளாரா இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

இந்த நிலையில்தான் நோட்டீஸ் வந்தது. மேல்மாடி வாடகைக்கு விடப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, ஆகவே சொத்துவரி உயர்த்தப்படுகிறது என்று. சின்னப்பன் அன்றைக்கே ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தார். அதை விசாரிக்கத்தான் மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை உதயசூரியன் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. ஒரு டீ குடியுங்கள் என்றதற்கு, "டியூட்டில எதுவும் தொடமாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

மாடியில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தது. கொடியில் துண்டு. குளியலறையில் சோப்பு.

"விரிப்பு யாருக்கு?"

"மக வந்தா படுக்க."

"எப்ப வர்றாங்க?"

"தெரியாது சார்."

உதயசூரியன் அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, மனப்பாடமாக ஒப்பித்தார். "சொந்தக்காரரே குடியிருந்தா ஒரு ரேட்டு, வாடகைன்னா கூடுதல் ரேட்டு. மேல ஆள் இல்லைன்னு நிரூபிங்க, வரி குறையும். கட்டடம் பழசுன்னு காட்டினா இன்னும் குறையும். ஆனா நிரூபிக்கிறது உங்க பொறுப்பு, மிஸ்டர் சின்னப்பன்."

ஆள் இருப்பதை நிரூபிக்கலாம். இல்லாததை எப்படி நிரூபிப்பது? சின்னப்பன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு கட்டிலைக் கழற்றிக் கீழே இறக்கினார். விரிப்பு, துண்டு, சோப்பு, ரேடியோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். மாடியைக் கழுவித் துடைத்தார். கதவை மூடும்போது உள்ளே தன் செருப்புச் சத்தமே எதிரொலிக்க, சட்டென்று கீழே இறங்கி வந்துவிட்டார்.

உதயசூரியன் மறுபடி வந்தது ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை. காலி மாடியைச் சுற்றிப் பார்த்தார். தரையில் குனிந்தார்.

"கட்டில் கால் இருந்த தடம் நாலு. தரை இப்பத்தான் கழுவியிருக்கு. போன வாரம் காலி பண்ணிட்டுப் போன மாதிரில்ல இருக்கு?"

"அரே சார், நீங்கதான அந்தக் கட்டில்ல உக்காந்து எழுதினீங்க!"

"நான் உக்காந்ததுக்கு சாட்சி?"

உதயசூரியன் பேனாவை மூடினார். "அக்கம்பக்கத்துல ஒருத்தர் வாக்குமூலம் வேணும். அடுத்த சனிக்கிழமை வர்றேன்."

பக்கத்து வீட்டு அலமு தையல்காரி. நல்லவள், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார் சின்னப்பன்.

"மேல்மாடியில யாராவது குடியிருக்காங்களாம்மா?"

"ஆளை நான் பாத்ததில்ல சார்," என்றாள் அலமு. "ஆனா தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் மேல போய்ப் பேசுறது கேக்கும். அரை மணி நேரம் பேசுவாரு. சில நாள் சண்டைகூட நடக்கும்."

சின்னப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். உதயசூரியனின் பேனா ஆவேசமாக ஓடியது.

"யார்கூடப் பேசுறீங்க?"

"யாரும் இல்ல சார்."

"சண்டை போட்டிருக்கீங்க. சண்டைக்கு இன்னொரு ஆள் வேணுமே?"

அலமு போன பிறகுதான் சின்னப்பன் வாயைத் திறந்தார். "கிளாரா போட்டோ மேலதான் மாட்டியிருந்துச்சு சார். அன்னன்னைக்கு நடந்ததச் சொல்லுவேன். மீன் என்ன வெல, மழை பெஞ்சுதா, யாரு செத்தான்னு. இப்ப போட்டோவையும் கீழ கொண்டாந்துட்டேன்."

உதயசூரியனின் பேனா நின்றது.

"பதில் வருமா?" என்று கேட்டார்.

"வராது. உசிரோட இருக்கும்போதும் பாதி நாளு வராது."

உதயசூரியன் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்த சின்னப்பனைத் தடுக்கவும் இல்லை. டீ வந்ததும் குடித்தார். "இதெல்லாம் கோப்புல எழுத முடியாது அண்ணாச்சி. வேற ஆதாரம் தேடணும். அடுத்த சனிக்கிழமை கரண்டு பில் எடுத்து வைங்க."

மிஸ்டர் சின்னப்பன் அண்ணாச்சியானது அன்றைக்குத்தான். அதனால் வேலை குறைந்துவிடவில்லை. மாடிக்குத் தனி மீட்டர் இருந்தது. தனி மீட்டர் இருந்தால் தனி வீடு என்றார் உதயசூரியன். மீட்டரை எடுத்துவிடலாம் என்றால், அது கிளாரா பெயரில் இருந்தது. பெயரை மாற்ற இறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் 'கிளாரா' என்றும், பில்லில் 'கிளாரம்மாள்' என்றும் இருந்தது. இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும்.

"எம் பொண்டாட்டி ஒரே ஆளுதாம்னு நான் சத்தியம் பண்ணணுமா?"

"ஆமா அண்ணாச்சி. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

அது எழுதி முடிய மூன்று சனிக்கிழமை ஆனது. ஒருநாள் எழுத்துப்பிழை. ஒருநாள் மழை. ஒருநாள் விளமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தார்கள், எழுதவே மறந்துவிட்டார்கள். உதயசூரியனின் குடும்பம் மெயின்லேண்டில், மதுரையில் இருந்தது. மகன்கள் கூப்பிடுகிறார்களா என்று கேட்டதற்கு, "கூப்பிடுறாங்க, போன்ல," என்றார். மெஸ் சாப்பாட்டில் மீன் என்று போடுவது எந்தக் கடலில் பிடித்ததென்றே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினார்.

அடுத்து, கட்டடம் பழசு என்று காட்ட அளவெடுத்தார்கள். டேப்பின் ஒரு முனையைச் சின்னப்பன் பிடித்தார், மறுமுனையை உதயசூரியன். ஒரு வாரம் கூடம் பதினாலடி வந்தது. மறுவாரம் பதினாலடி இரண்டு அங்குலம்.

"சுவரு வீங்குதா சார்?"

"மழைக்காலம்லா. எதுக்கும் அடுத்த வாரம் இன்னொருக்கா அளந்துடுவோம்."

வெள்ளிக்கிழமை மாலையே சின்னப்பன் படகுத்துறைக்குப் போய் மீன் பார்க்க ஆரம்பித்தார். ஒரு ஆளுக்கு வாங்கினால் மீன்காரன் தலையைத் தனியாகத் தரமாட்டான், இரண்டு பேருக்கு என்றால் தருவான். அதில்தான் ருசி.

ஜூன் மாதம் சோபியா போனில் கத்தினாள். "அப்பா, இன்னுமா அந்த வரிப் பிரச்சினை முடியல? எவ்ளோன்னு சொல்லு, நான் இப்பவே போன்ல கட்டிடுறேன்."

"காசு விஷயமில்ல மக்கா. இது ஞாயம். ஆளில்லாத மாடிக்கு நான் ஏன் கட்டணும்?"

"அந்த ஆளு எத்தனை தடவ வந்திருக்கான்?"

"பத்து இருக்கும். மழையில்லாம இருந்தா பன்னெண்டு ஆகியிருக்கும்."

"சாப்பாடு போடுறியா?"

"வீட்டுக்கு வந்தவருக்கு எப்படிப் போடாம இருக்கிறது?"

"அப்பா! அதுக்குப் பேர் லஞ்சம். உன்னைத் தனி ஆளுன்னு பாத்து ஏமாத்துறான். நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. வரி ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவர் மகள் மின்னஞ்சலில் புகார் அனுப்பியிருக்கிறாள், இன்ஸ்பெக்டர் வயதானவரைத் துன்புறுத்துகிறார் என்று. ஆபீசில் யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை, திங்கட்கிழமை நேரில் வந்து விளக்க முடியுமா?

சனிக்கிழமை உதயசூரியன் வழக்கம்போல வந்தார். சின்னப்பனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீலா மீன் வறுவலை மூன்றாவது முறையாகப் பரிமாறினார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பேச்சே காணோம்?"

"ஒண்ணுமில்ல சார். காத்து சரியில்ல."

"படிக்கட்டு அளவு மட்டும் பாக்கி. அதோட முடிஞ்சுது," என்றார் உதயசூரியன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"முடிஞ்சுதா?"

"மழை விட்டா முடிச்சுடலாம்."

"இது எங்க சார் விடும்," என்றார் சின்னப்பன். "அக்டோபர் ஆகும்."

"ஆகும், ஆகும்," என்றார் உதயசூரியன் அவசரமாக.

அவர் போன பிறகு சின்னப்பனுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. புகாரைப் பார்த்து மேலதிகாரிகள் சும்மா விடுவார்களா? சஸ்பெண்ட் செய்யலாம். காம்ப்பெல் பே என்ற ஊருக்கு மாற்றலாம். கப்பலில் போக ஒரு நாளுக்கு மேல் ஆகும் இடம். சனிக்கிழமை மீன் குழம்புக்கு அங்கிருந்து யார் வருவார்?

திங்கட்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து வரி ஆபீசுக்குப் போனார். கவுண்டரில் ஷோபனா என்ற பெண் இருந்தாள். போனில் பேசியவள் அவள்தான்.

"பைட்டியே அங்கிள்," என்று நாற்காலியைக் காட்டினாள்.

சின்னப்பன் உட்காரவில்லை. ஆட்டோவில் வரும்போதே எல்லாவற்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"எம் மக விவரம் தெரியாம எழுதிட்டாம்மா. உதயசூரியன் சார் தங்கமான மனுசன். கடமைல ரொம்ப கறார், அவ்வளவுதான். ஒரு டீ குடிக்க வைக்கிறதுக்கே எனக்கு மூணு வாரம் ஆச்சு. மீன் நானாத்தான் வச்சேன். அவர் கேக்கல. முள்ளு எடுத்துக்கூட நாந்தான் குடுத்தேன்."

"இல்ல அங்கிள், நான் என்ன சொல்றேன்னா..."

"இரும்மா, முடிச்சிக்கிறேன். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன், எங்க கையெழுத்துப் போடணும்? ஆட்சேபத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன். மேல வாடகைக்கு ஆள் இருக்குன்னே எழுதிக்கோங்க. கூடுதல் ரேட்டையே கட்டிடுறேன், வருஷா வருஷம் கட்டுறேன். அவரை மட்டும் காம்ப்பெல் பேக்கு மாத்திராதீங்க. வருஷத்துக்கு ஒருக்கா அளந்து பாக்கணும்னு சட்டம் ஏதாவது இருந்தா அதுக்கும் அவரையே அனுப்புங்க."

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சின்னப்பன் மூக்கைச் சிந்துவதுபோலக் கைக்குட்டையை எடுத்தார்.

ஷோபனா கம்ப்யூட்டரில் அவருடைய வீட்டு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு ஒரு தடித்த பதிவேட்டை இழுத்துப் பக்கங்களைப் புரட்டி, ஒரு கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவரை எங்க அங்கிள் மாத்துறது? உதயசூரியன் சார் மார்ச்சோட ரிட்டயர்ட் ஆயிட்டார். உங்க வரியைக் குறைச்சு அப்பவே ஆர்டர் போட்டாச்சு, நானே வீட்ல கொண்டுபோய்க் குடுத்துடுறேன்னு கடைசி நாள் அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனார்... இன்னுமா குடுக்கல?"